அறபுத் தமிழ்க் கையெழுத்து: பிள்ளைகளுக்கு இனியும் படிப்பிக்க வேண்டுமா?

2019 மே மாதம், நோன்பு பிடித்து ஒரு கிழமை போயிருக்கும். என் பெரியம்மா தன் றங்குப்பெட்டியைத் திறந்து, மூத்தம்மாவின் கொப்பியை எடுத்து, வளவுக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்தார். சாம்பலை ஒரு துணியில் கட்டி அஸருக்குப் பிறகு கடலில் விட்டார். அல்லாஹ்வின் பெயர் எழுதியிருந்த தாளை வேறு எப்படி அகற்றுவது? அந்த ஒழுக்கத்தில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை.

மறுநாள் விஷயம் தெரிந்து ஓடிப்போய்க் கேட்டேன். "ஏன் பெரியம்மா, அதில என்ன இருந்திச்சி?"

"அதான் மகள் எனக்கும் தெரியா. நமக்கு வாசிக்க ஏலா. சோதனைக்கு வாறவன் இதில என்ன எழுதியிரிக்கி எண்டு கேட்டா நான் என்னத்தச் செல்ற?"

இந்தப் பதிலுக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அந்த நாட்களை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. வீதிப் பலகைகளிலிருந்து அறபு எழுத்துகள் அழிக்கப்பட்டன. வீட்டில் ஓதும் கிதாபை எங்கே வைப்பது என்று ஆட்கள் குசுகுசுத்தார்கள். ஆனால் என் மனசில் முள்ளாய்த் தைத்தது பயம் அல்ல. ஒரு சாதாரண வீட்டுக் கொப்பிக்காக நாம் ஒரு வார்த்தை பேச முடியாமல் போனதற்குக் காரணம், அதை வாசிக்க எங்கள் குடும்பத்தில் ஒரு ஆள்கூட மிஞ்சியிருக்கவில்லை என்பதுதான். மூத்தம்மா எழுதியதும் பேசியதும் தமிழ். நான் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவள். இருபது வருஷத்துக்குக் கிட்டத் தமிழ் படிப்பிக்கிறவள். குர்ஆனையும் சின்ன வயசிலேயே ஓதி முடித்தவள். மொழியும் தெரியும், எழுத்தும் தெரியும். இரண்டும் சேர்ந்த இடத்தில் நான் எழுத்தறியாதவள்.

கொப்பியிலிருந்து கழன்ற நாலு தாள்கள் ஒரு மௌலூதுக் கிதாபின் நடுவில் கிடந்தன. அவை தப்பின. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அறபுத் தமிழ் என்றால் என்ன என்பதை இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழை அறபு எழுத்தில் எழுதுவது அது. அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கிற எழுத்துகளின் மேல் சிறு வேலைப்பாடு செய்து புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். 'பே'க்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் ப. 'தால்' எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தால் ட. 'றே'க்குக் கீழே வைத்தால் வல்லின ற. 'நூன்' எழுத்துக்கு மேலே உள்ள புள்ளியோடு கீழேயும் ஒன்று வைத்தால் ண. ச எழுத்துக்குப் பாரசீகக்காரர் ஏற்கெனவே ஆக்கிவைத்த மூன்று புள்ளி 'ஜீம்' உதவியது. அறபியில் எகரமும் ஒகரமும் இல்லையாதலால் அவற்றுக்கும் தனிக் குறி வைத்தார்கள். அலிபுக்குச் சபர் அ, அலிபுக்குச் சேர் இ, அலிபுக்குப் பேசு உ என்று ராகம்போட்டு ஓதிய பிள்ளைக்கு, மேலதிகமாகப் பழக வேண்டியது கொஞ்சம்தான்.

ஏன் இந்த வேலை? தமிழ் எழுத்து தெரியாததாலா? நம்மவர்களில் சிலரே அப்படி எழுதியிருக்கிறார்கள், அது பிழை. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையதான ஆயிரமசலா 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது தமிழ் எழுத்தில் உள்ளது. சீறாப்புராணமும் அப்படியே. தமிழ் எழுத்தை நம் புலவர்கள் ஒருநாளும் கைவிடவில்லை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எழுத்தை வைத்துக்கொண்டார்கள்.

அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. தமிழ் எழுத்தில் 'கல்பு' என்று எழுதிப் பாருங்கள். இதயத்தையும் அப்படித்தான் எழுத வேண்டும். நாயைக் குறிக்கும் அறபுச் சொல்லையும் அப்படித்தான் எழுத வேண்டும். அறபியில் ஒன்றுக்குக் 'காப்' வேறு, மற்றதற்குக் 'காப்' வேறு. தொழுகை, நோன்பு, நிக்காஹ் பற்றிய சட்டங்களைச் சனங்களுக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும், இடையில் வரும் அறபுச் சொல்லோ ஆயத்தோ உருக்குலையவும் கூடாது என்றால், ஒரே வரியில் இரண்டையும் தாங்கும் எழுத்து வேண்டும். உலமாக்கள் அதைத்தான் கண்டுபிடித்தார்கள். கற்பனைப் பெருமைக்காகச் செய்ததல்ல. வகுப்பறையில் நிற்கிற ஓர் ஆசிரியரின் தேவை அது.

19ஆம் நூற்றாண்டில் இந்த எழுத்து நம் நாட்டிலும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலும் ஒரே மூச்சாக ஓடியது. 1816இல் பிறந்து 1898இல் மௌத்தான இமாமுல் அறூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இரு கரைக்கும் பொதுவான மனிதர். கீழக்கரையிலிருந்து இங்கே வந்து வந்து போய், பள்ளிகளும் தக்கியாக்களும் எழக் காரணமானவர். அவருடைய 'மகானி'யும் 'பத்ஹுத் தய்யானு'ம் அறபுத் தமிழில் எழுதப்பட்ட சட்ட நூல்கள். எங்கள் மூத்தம்மாமாரின் தலைமுறைக்கு அவை வீட்டு நூல்கள். பேருவளை சேகு முஸ்தபா வலியுல்லாஹ் அறபுத் தமிழில் குர்ஆனுக்கு விளக்கம் எழுதினார். 'மீஸான் மாலை' பாடினார். இவற்றோடு மாலைகள், தலைப்பாத்திஹா, முனாஜாத்துகள், வைத்தியக் குறிப்புகள், கணக்குகள், கடிதங்கள்.

கடிதங்கள் என்று சொல்லும் இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். நம் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஆலிம்களின் நூல்களோடு நின்றுவிடுகின்றன. ம.மு. உவைஸ் அவர்கள் போட்ட பாதையும், தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட பெரிய ஆங்கில நூலும் இல்லாவிட்டால் நமக்கு இந்தளவும் தெரிந்திராது. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அச்சான நூல்கள் ஒரு பங்கு. மற்றப் பங்கு கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் பெண்களுக்கு ஒரு பங்கு உண்டு. அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கிய அதே வீடு, ஓதப் பள்ளிக்கு அவளை அனுப்பியது. அங்கே பெற்ற எழுத்தைக் கொண்டு அவள் தமிழையும் எழுதினாள். சனத்தொகைக் கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தர் அவளை எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று பதிந்திருக்கக்கூடும். அவளோ அடுக்களையில் இருந்து நெல்லுக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

இந்த எழுத்து அச்சேறியதும் கையெழுத்தாகவே ஏறியது. அறபுத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் கல்லச்சில் வந்தவை. எழுத்தர் ஒருவர் கொழுப்பு மையால் தாளில் எழுதுவார். அது சுண்ணாம்புக்கல்லுக்கு மாற்றப்படும். ஈரக் கல்லில் மை எழுத்தில் மட்டும் ஒட்டும். அப்படியே தாளில் ஒற்றி எடுப்பார்கள். ஈய எழுத்துக் கோப்பதல்ல. ஆகவே ஒரு மகானியைத் திறந்தால் நீங்கள் பார்ப்பது ஒரு மனிதனின் கை. அவர் வரி முடியும் இடத்தில் இடம் போதாமல் எழுத்துகளை நெருக்கியிருப்பார். பிழைத்ததை ஓரத்தில் திருத்தியிருப்பார். வாசிக்கிற பிள்ளையின் கையும் அச்சடித்த நூலின் கையும் ஒன்றாக இருந்த காலம் அது. தமிழ் ஈய எழுத்து மலிந்து, பாடநூலும் பத்திரிகையும் அதில் வரத் தொடங்கியபோது, எழுத்தருக்கு வேலை குறைந்தது.

மற்றக் காரணங்கள் நமக்குத் தெரிந்தவை. சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய காலத்திலிருந்தே, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1892இல் கொழும்பில் மத்ரசதுஸ் ஸாஹிரா வந்தது. பின்னர் தாய்மொழிக் கல்வி வந்தது. இஸ்லாம் பாடநூலே தமிழ் எழுத்தில் வந்தது. தென்னிந்தியாவில் அப்துல் ஹமீது பாகவி குர்ஆனைத் தமிழ் எழுத்தில் தந்தார். பத்ஹுத் தய்யானையே 1963இல் கொழும்பில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட வேண்டியிருந்தது என்றால், மூல எழுத்தை வாசிப்போர் எந்த அளவுக்குக் குறைந்திருந்தார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். யாரும் அறபுத் தமிழைத் தடைசெய்யவில்லை. ஓதப் பள்ளியில் எழுத்துப் பலகை இல்லாமல் போனது. ஓதுதல் மட்டும் மிஞ்சியது. எழுதாத எழுத்து ஒரு தலைமுறைக்குள் கையை விட்டுப் போய்விட்டது.

துருக்கியில் இது ஒரே நாளில் நடந்தது. 1928 நவம்பர் 1ஆம் திகதி சட்டம். அடுத்த ஜனவரியிலிருந்து புத்தகங்கள் இலத்தீன் எழுத்தில். இன்று இஸ்தான்புல்லில் ஒரு சராசரி மனிதன் தன் பாட்டனாரின் கபுறுக் கல்லை வாசிக்கமாட்டான் என்று சொல்வார்கள். நம் மலாய்ச் சகோதரர்களின் கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. 1869இல் கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் 'ஆலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அறபு எழுத்தில் நடத்தினார். அந்த எழுத்தை அவரது சமூகத்தில் இன்று எத்தனை வீடுகள் வாசிக்கும்? பேராசிரியர் பி.ஏ. ஹுஸைன்மியா வீடுவீடாகப் போய்ச் சுவடி தேடியிராவிட்டால், அப்படி ஒரு இலக்கியம் இருந்ததே நமக்குத் தெரியவந்திராது.

தமிழ் படித்தவள் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை. அறபுத் தமிழை 'அர்வி' என்ற தனி மொழி என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அந்த அன்பு எனக்கு விளங்குகிறது, வாதம் விளங்கவில்லை. வேற்றுமை உருபு தமிழ், வினைமுற்று தமிழ், வாக்கியம் முடிகிற இடம் தமிழ். சொல்தொகுதியில் அறபு கலந்தால் மொழி மாறிவிடாது. மாறுமென்றால் மணிப்பிரவாளம் எழுதிய வைணவ ஆசாரியர்களையும் நாம் வேறு மொழிக்காரர் என்று சொல்ல வேண்டி வரும். இதைத் தனி மொழி என்று உயர்த்திவைப்பதால் ஒரு தீங்கும் இருக்கிறது: கற்பதற்குக் கஷ்டமானது என்று பிள்ளை நினைத்துவிடும். இது அவளுடைய தமிழ்தான், உடுப்பு மட்டும் வேறு என்று சொன்னால் பயப்படமாட்டாள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்திலோ மதரசாவிலோ பிள்ளைகளுக்கு இந்தக் கையெழுத்தை இனியும் படிப்பிக்க வேண்டுமா?

இதே கேள்வியை வேறு எழுத்தை வைத்து மேற்கு நாடுகளும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுத்துகளைத் தொடுத்து எழுதும் கூட்டெழுத்தை 2010இல் வந்த அமெரிக்கப் பொதுக் கலைத்திட்டத் தராதரங்கள் கேட்கவில்லை. பல மாநிலங்கள் அதைக் கைவிட்டன. பின்லாந்து 2016இல் கட்டாயத்திலிருந்து நீக்கியது. பிறகு என்ன நடந்தது? கலிபோர்னியா 2023இல் சட்டம் இயற்றி, முதலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை மீண்டும் கொண்டுவந்தது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், கூட்டெழுத்து வாசிக்கத் தெரிந்த தன்னார்வலர்களின் உதவியோடு பழைய ஆவணங்களைப் பெயர்த்தெழுதுகிறது. அவர்களின் சுதந்திரப் போராட்ட வீரர்களின் ஓய்வூதிய மனுக்களை அவர்களின் பேரப்பிள்ளைகளே வாசிக்க முடியாத நிலை. எவ்வளவு செல்வமான நாடு! அங்கேயே அப்படி என்றால்.

ஆனால் அந்த விவாதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக்கூடாது. கையால் எழுதுவது பிள்ளையின் மூளைக்கு நல்லது என்று அங்கே சொல்கிறார்கள். இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரின் ஜேம்ஸ், இன்னும் வாசிக்கத் தொடங்காத சிறுவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்றை 2012இல் வெளியிட்டார். கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போது, வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் வேலை செய்தன. விசைப்பலகையில் தட்டிப் பழகியவற்றுக்கு அப்படி நடக்கவில்லை. நல்ல ஆய்வு. ஆனால் அது கையெழுத்துக்கு ஆதாரமே தவிர, எழுத்தைத் தொடுத்து எழுதுவதற்கு ஆதாரம் அல்ல. தமிழைத் தனித்தனி எழுத்தாக எழுதும் நம் பிள்ளைக்கும் அந்த நன்மை கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே அறபுத் தமிழுக்காக நான் மூளையைச் சாட்சிக்கு அழைக்கமாட்டேன்.

இதைவிட நமக்குப் பொருத்தமான இரண்டு உதாரணங்கள் ஆசியாவிலேயே இருக்கின்றன. ஒன்று கேரளம். கோழிக்கோட்டு காழி முஹம்மதின் 'முஹ்யித்தீன் மாலை' 1607இல் அறபு மலையாளத்தில் எழுந்தது. அந்த எழுத்து இன்னும் சாகவில்லை. காரணம் எளிது: அங்குள்ள சமஸ்தா மதரசாக்களின் பாடநூல்கள் அதிலேயே அமைந்தன, பிள்ளை மார்க்கம் படிக்கும்போது எழுத்தும் கூடவே வந்துவிடுகிறது. அவர்கள் மரபைக் காப்போம் என்று மாநாடு நடத்தவில்லை. பாடநூலை அந்த எழுத்தில் அச்சடித்தார்கள். நாம் மாநாடுகள் நடத்தினோம். (எனக்கும் இரண்டில் கட்டுரை வாசித்த பாவம் உண்டு.)

மற்றது மலேசியா. 2019இல் நாலாம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் ஜாவி எழுத்தின் அழகெழுத்தை ஒரு சில பக்கம் சேர்க்கப் போனார்கள். சீனப் பள்ளிகளும் தமிழ்ப் பள்ளிகளும் எதிர்த்தன. பக்கம் குறைந்தது, பெயர் மாறியது, சண்டை நின்றபாடில்லை. ஓர் எழுத்தை அரசாங்கம் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கப் போனால், அது எழுத்தாக இராது, கொடியாகிவிடும். நம் நாட்டில் எழுத்துக்கும் மொழிக்கும் என்ன விலை கொடுத்தோம் என்பது தெரிந்தும், அறபுத் தமிழை அரச பாடத்திட்டத்தில் சேருங்கள் என்று கேட்க எனக்கு மனமில்லை. பாடமானால் பரீட்சை வரும். பரீட்சை வந்தால் ரியூஷன் வரும். மூத்தம்மாவின் கொப்பியை ஐந்து வினா எழுதி மனனம் பண்ணுவார்கள்.

ஆக, நான் கேட்பது சின்ன விஷயம். ஓதப் பள்ளியில் எட்டாம் கிறேட் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு தவணையில் சில மணித்தியாலம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. கொப்பி எரிந்த பிறகு, தப்பிய நாலு தாள்களையும் எடுத்துக்கொண்டு எங்கள் ஊரின் பழைய லெப்பை ஒருவரிடம் போனேன். எண்பது தாண்டியவர், கண்ணில் புரை. தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, ஓதுவதுபோல் ராகமாக வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன். நெல்லுக்கணக்கு: இன்னாருக்கு அரை அவணம் கொடுத்தது, இன்னாரிடம் இரண்டு மரைக்கால் வாங்கியது. பிள்ளைகள் பிறந்த கணக்கு: முகைதீன் மாதம், விராத்து மாதம் என்று நம்மட மாதப் பெயர்களில், பிறை எண்ணி, "சுபஹுக்குப் பாங்கு சொல்லும் நேரம்" என்று. என் உம்மா பிறந்தது ஆறு நோன்பு மாதம் பதினொன்று. அடையாள அட்டையில் உள்ள திகதியோடு அது ஒத்துவரவில்லை. உம்மாவின் உண்மையான பிறந்தநாளை அவர் மௌத்தாகி மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் அறிந்தேன். இருமலுக்கு ஒரு கை மருந்து. கடைசித் தாளின் அடியில், "காசுமாலையை ஈடு வைத்தது வயலுக்காக, மீட்டது..." என்று வரி நிற்கிறது. மீதி அடுத்த தாளில் இருந்திருக்கும். அந்தத் தாள் சாம்பலோடு போனது. அந்தக் காசுமாலை யாரிடம் போனது என்ற பேச்சில் உம்மாவும் சாச்சியும் ஏழெட்டு வருஷம் முகம் பாராமல் இருந்தவர்கள். சாச்சியிடம் நான் இன்னும் அந்த வரியைச் சொல்லவில்லை.

லெப்பையிடம் கேட்டேன், "இதை எனக்குப் படிச்சித் தருவீங்களா?" அவர் சிரித்தார். "ஒனக்கு எல்லாம் தெரியும் புள்ள. கையிலதான் இல்ல. எழுது."

அவர் சொன்னபடி எழுதினேன். ஒரு கிழமை. வாசித்துப் பழக முயன்றபோது ர எது ற எது என்று தடுமாறிய நான், எழுதத் தொடங்கிய மூன்றாம் நாள் தடுமாறவில்லை. கை புள்ளியை வைத்த இடத்தைக் கண் மறக்காது என்று நினைக்கிறேன். அந்த வருஷக் கடைசியில் லெப்பை மௌத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

பிறகு எங்கள் ஊர் மதரசா ஒன்றில், நிர்வாகத்தின் சம்மதத்தோடு, பதினொரு பெண்பிள்ளைகளை வைத்துப் பின்னேரங்களில் நடத்தினேன். இரண்டு கிழமையில் ஒன்பது பேர் கல்லச்சு மகானியின் ஒரு பக்கத்தைத் தட்டித்தடவி வாசித்தார்கள். மற்ற இருவருக்குக் குர்ஆன் எழுத்தே சரியாகப் பிடிபடவில்லை; அது வேறு பிரச்சினை. பிள்ளைகளுக்கு விளையாட்டாகப் போய்விட்டது. ஒருத்தி தன் சிநேகிதிக்கு அறபுத் தமிழில் துண்டு எழுதி அனுப்பி, வகுப்பாசிரியரிடம் பிடிபட்டாள். அவர் துண்டை என்னிடம் கொண்டுவந்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கணித ஆசிரியரின் நடையைப் பற்றி எழுதியிருந்தாள். "துஆ" என்று சொல்லிவிட்டேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

எதிர்ப்பும் வந்தது. அதை மறைக்கக்கூடாது. ஒரு மௌலவி, என்னைவிட இளையவர், நியாயமாகவே கேட்டார்: "பிள்ளைகள் தஜ்வீதோட ஓதத் தெரியாம இருக்கிறாங்க. இருக்கிற நேரத்தில நீங்க புள்ளி வச்ச புது எழுத்தையும் கொடுத்தா, குர்ஆனைப் பார்க்கும்போது குழம்பாதா?" குழப்பம் நான் காணவில்லை, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு வரக்கூடும். அதனால்தான், குர்ஆனை ஒருமுறை முடித்த பிள்ளைகளுக்கு மட்டும் என்று சொல்கிறேன். ஒரு தாய் கேட்டதற்கு என்னிடம் இவ்வளவு நல்ல பதில் இல்லை. "இதால என்ன ரீச்சர் கிடைக்கும்?" ஒன்றும் கிடைக்காது. புலமைப்பரிசிலுக்கும் உதவாது, சாதாரண தரத்துக்கும் உதவாது. உங்கள் வீட்டுப் பெட்டியில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். பிறகு ஒரு நாள் அவர் ஒரு பிடவைப் பொட்டணத்தோடு வந்தார்.

இன்னொரு வாதமும் உண்டு. எல்லாவற்றையும் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா, நூலகம் நிறுவனம் போன்றோர் செய்கிறார்களே என்று. செய்யட்டும், அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சனங்கள் உடுத்த உடுப்போடு வந்தார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பெட்டிகளில் கிடந்த கையெழுத்துகள் என்னவாயின என்று யார் கணக்கெடுத்தது? 2004 சுனாமி எங்கள் கரையில் வீட்டோடு றங்குப்பெட்டியையும் கொண்டுபோனது. மிஞ்சியதைப் படமாக்குவது அவசரமான வேலை. ஆனால் கவனியுங்கள்: பெரியம்மா எரித்தது படம் இல்லாததால் அல்ல. கொப்பி அவர் கையிலேயே இருந்தது. முழுசாக, பூச்சி அரிக்காமல், அறுபது வருஷமாக.

கையெழுத்து தெரிந்த ஒரு பேத்தி அந்த வீட்டில் இருந்திருந்தால், "இது மூத்தம்மாட நெல்லுக்கணக்கு, இருமல் மருந்து" என்று யார் வந்தாலும் வாசித்துக் காட்டியிருப்பாள். பெரியம்மாவும் பெட்டியைப் பூட்டிவிட்டு நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சப் போயிருப்பார்.

இந்தத் தவணையிலிருந்து மதரசாவில் சனிக்கிழமை முக்கால் மணித்தியாலம் தந்திருக்கிறார்கள். அந்த இளைய மௌலவிதான் பேசி வாங்கித் தந்தார். மாதத்தில் ஒரு கிழமை தஜ்வீதுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. கடையில் வாங்கும் ரூல் கொப்பி சரிவரவில்லை. அறபுத் தமிழில் புள்ளிகள் பாதி கோட்டுக்குக் கீழே வருவதால், கீழ்ப் புள்ளி அடுத்த வரியின் மேற்புள்ளியோடு மோதுகிறது. பிள்ளைகள் ண எழுதினால் பக்கத்தில் கிடக்கிற எழுத்தும் மாறிப்போகிறது. அதனால் வெள்ளைத் தாள் வாங்கி, அகலமாக நானே கோடு கீறிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பதினொரு கோடு.